கயிறு சுத்தி இழுத்த காலம்: எங்க பக்கத்து ஜெனரேட்டர் கதை

வங்கக் கடல்ல புயல் சின்னம்னு டிவியில் சொன்ன உடனே சென்னையில இருக்கிற சொந்தக்காரப் பசங்க கிட்டேருந்து எனக்கு போன் வந்துடும். "சித்தப்பா, ஊர்ல அம்மா மட்டும் தனியா இருக்காங்க. சின்னதா ஒரு ஜெனரேட்டர் வாங்கிப் போட்டுடலாம்னு பாக்குறேன். கம்மி விலையில எது நல்லது?" வருஷா வருஷம் ஐப்பசி, கார்த்திகையில இதே கேள்வி.

இதுக்கு கம்பெனி பேரை மட்டும் சொல்லிட்டு போனை வச்சிடலாம். ஆனா விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இதுவரைக்கும் எத்தனை வகையான இருட்டு வந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஜனங்க என்ன மிஷினைத் தேடிப் போனாங்கன்னு தெரிஞ்சா, வாங்கப் போறவங்க காசு வீணாகாது. நான் பார்த்த வரைக்கும் நாங்க எப்பவுமே போன இருட்டுக்குத்தான் மிஷின் வாங்கியிருக்கோம். அடுத்து வந்த இருட்டு வேற மாதிரி இருந்துச்சு.

கரண்டுக்கு முன்னாடியே எங்க பக்கம் இன்ஜின் வந்துடுச்சு. அதுக்கும் முன்னாடி கவலை. ரெண்டு மாடு பூட்டி, சால்ல தண்ணி இறைச்சு மல்லாட்டைக்கும் கேழ்வரகுக்கும் பாய்ச்சுவாங்க. நகரத்துல நீங்க வேர்க்கடலைன்னு சொல்றதுதான் எங்களுக்கு மல்லாட்டை. அதுக்கப்புறம் ஆயில் இன்ஜின். இங்கிலாந்துல லிஸ்டர்னு ஒரு கம்பெனி, நிமிஷத்துக்கு 650 சுத்து மட்டும் சுத்துற, ரெண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம் வச்ச டீசல் இன்ஜினைச் செஞ்சாங்க. 1930கள்ல உலகம் பூரா பேர் வாங்கின இன்ஜின் அது. பின்னாடி குஜராத்துல ராஜ்கோட் பட்டறைக்காரங்க அதை அச்சு அசலா வார்த்து நாடு முழுக்க அனுப்பினாங்க. புனாவுல கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் கம்பெனி ஆரம்பிச்சது 1946ல. எங்க பக்கம் கிணத்துக்குக் கிணறு வைக்க யார்கிட்டயும் வசதி கிடையாது. ஒருத்தர் இன்ஜின் வச்சிருப்பார், அதை மாட்டு வண்டியில ஏத்தி, மணிக்கு இவ்வளவுன்னு வாடகைக்குக் கொண்டு போவாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப ராத்திரியில தூரத்துல கேட்கிற டுக் டுக் சத்தத்தை வச்சே யார் கொல்லையில தண்ணி ஓடுதுன்னு பெரியவங்க சொல்லிடுவாங்க.

அதே இன்ஜின்தான் எங்க ஊர்களுக்கு முதல் ஜெனரேட்டரும். இன்ஜின் சக்கரத்துல பெல்ட் மாட்டி, பக்கத்துல ஒரு டைனமோவை ஓட்டினா கரண்ட். டூரிங் டாக்கீஸ்ல படம் ஓடுனது இப்படித்தான். அப்புறம் மைக் செட்டுக்காரர் கைக்கு அது வந்துச்சு. எங்க பக்கம் தெருக்கூத்துக்குப் பேர் போன சீமை. தீப்பந்தத்துல ஆடினாங்க, அப்புறம் கேஸ் லைட்டுல ஆடினாங்க. கேஸ் லைட்டுன்னா பெட்ரோமாக்ஸ். ஜெர்மனியில மேக்ஸ் கிரெட்ஸ்னு ஒருத்தர் குடும்பக் கம்பெனி 1910 வாக்குல கொண்டு வந்த மண்ணெண்ணெய் விளக்கு. எங்க ஊர்ல மாப்பிள்ளை அழைப்புல அதைத் தலையில சுமந்து நடந்தவங்க உண்டு. அதுக்கப்புறம் ஜெனரேட்டர் வந்து டியூப் லைட்டு கட்டினதும் கூத்துல கட்டியக்காரன் முகம் கடைசி வரிசைக்கும் தெரிஞ்சுது. வெளிச்சத்துக்காக நாங்க ஜெனரேட்டரைப் பார்த்தது திருவிழாவிலயும் கல்யாணத்துலயும்தான். வீட்டுக்கு ஒண்ணு வேணும்னு யாரும் நினைச்சது கிடையாது.

கரண்ட் கதை தனி. மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் ஆரம்பிச்சது 1957 ஜூலை 1ஆம் தேதி. அதே வருஷம் மே மாசம்தான் நெய்வேலியில பழுப்பு நிலக்கரி வெட்டுறதை நேரு தொடங்கி வச்சார். 1962ல அங்க மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. நெய்வேலி எங்களுக்குப் பக்கம், அப்ப எல்லாமே ஒரே தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டமானது 1993ல. அறுபது, எழுபதுகள்ல கம்பம் நட்டுக்கிட்டே வந்தாங்க. வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி கிணத்துக்கு கரண்ட் வந்த ஊர்களும் இருக்கு. அப்புறம் குடிசைக்கு ஒரு விளக்கு, 1990ல விவசாயத்துக்கு முழுசா இலவச மின்சாரம்.

இந்த இலவச மின்சாரத்துல கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. ஆயில் இன்ஜினோட இருக்கிற பம்பு தண்ணியை உறிஞ்சித்தான் எடுக்கும். சுமார் 25 அடிக்கு மேல ஆழம்னா அதால உறிஞ்ச முடியாது. அதனாலதான் கிணத்துக்குள்ளயே திட்டு வெட்டி, பம்பை கீழ இறக்கி வைப்பாங்க. கரண்ட் மோட்டார் பெருகப் பெருக நெல்லும் கரும்பும் கூடுச்சு, தண்ணி கீழ போச்சு, கிணத்துக்குள்ள போர் போட்டோம், அப்புறம் கிணறே இல்லாம நேரா போர். இருநூறு, முந்நூறு அடியில முங்கிக் கிடக்கிற சப்மெர்சிபிள் மோட்டார் கரண்டுக்கு மட்டும்தான் அசையும். ஆயில் இன்ஜினுக்கு அங்க வேலையே இல்ல. எங்க பக்கம் நிறைய இன்ஜின் காயலான் கடைக்கு எடைக்குப் போச்சு. குடி தண்ணியும் அப்படித்தான் ஆச்சு. ஊர்ப் பொதுக் கிணத்துல சேந்திக் குடிச்ச ஜனம், பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்கு மாறுச்சு. தொட்டிக்குத் தண்ணி ஏத்துறது கரண்ட். அதாவது 1970ல கரண்ட் போனா விளக்கு மட்டும் போச்சு. 2000த்துல கரண்ட் போனா தண்ணியும் போச்சு. ஜெனரேட்டர் வாங்குறவங்க முதல்ல மனசுல வச்சுக்க வேண்டியது இதைத்தான்.

கையில தூக்கிட்டுப் போற சின்ன ஜெனரேட்டர் எங்க கண்ணுல பட்டது எண்பதுகளோட கடைசியில. அதோட பிறப்பு கொஞ்சம் வேடிக்கை. ஜப்பான்ல சோனி கம்பெனி தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு குட்டி டிவி செஞ்சாங்க. அதை வெளியில வச்சுப் பார்க்க கரண்ட் வேணுமேன்னு ஹோண்டா கம்பெனி ஒரு குட்டி ஜெனரேட்டரை வடிவமைச்சது. அந்த முயற்சியிலேருந்துதான் 1965ல ஈ-300ங்கிற மாடலை விற்பனைக்கு விட்டாங்க. இந்தியாவில 1985ல ஸ்ரீராம் கம்பெனியும் ஹோண்டாவும் சேர்ந்து கூட்டுக் கம்பெனி ஆரம்பிச்சு, இப்ப உத்தராகண்ட்ல இருக்கிற ருத்ரபூர்ல தொழிற்சாலை போட்டாங்க. பிர்லா-யமஹான்னு இன்னொண்ணும் வந்துச்சு.

இந்தியாவுக்குன்னு அதுல ஒரு மாத்தம் இருந்துச்சு. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பி விடலாம். நிறுத்துறதுக்கு முன்னாடி திரும்ப பெட்ரோலுக்கு மாத்தணும், இல்லன்னா மறுநாள் கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை விட்டுப் போயிடும். ரேஷன்ல நீல மண்ணெண்ணெய் சகாய விலைக்குக் கிடைச்ச காலம். அடுப்பு எரிக்கக் குடுத்த எண்ணெய் ஜெனரேட்டருக்கும் போச்சுங்கிறது ஊரறிஞ்ச ரகசியம். திண்டிவனம் கடைத்தெருவுல சாயங்காலம் கரண்ட் போச்சுன்னா துணிக்கடை, நகைக்கடை வாசல்ல வரிசையா புகை கக்கிட்டு நிக்கும். எங்க ஊருக்குள்ள அது வந்தது டெக்கு புண்ணியத்துல. கலர் டிவி, டெக்கு, நாலு கேசட், ஒரு ஜெனரேட்டர், எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரி வாடகை. காதுகுத்து வீட்டுல விடிய விடிய மூணு படம். ஜப்பான்ல டிவிக்காகப் பிறந்த மிஷின், எங்க ஊர்லயும் டிவிக்காகத்தான் வந்து சேர்ந்துச்சு!

காஸ் கனெக்‌ஷன் பரவினதும் ரேஷன் மண்ணெண்ணெய் குறைஞ்சுக்கிட்டே போச்சு. அதோட மண்ணெண்ணெய் ஜெனரேட்டருக்கும் மவுசு போச்சு. இப்பவும் பழைய மண்ணெண்ணெய் செட்டு ஒண்ணு ரெண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கிடைக்குதுன்னு யாராவது சொன்னா ஆசைப்படாதீங்க. எண்ணெய்க்கு எங்க போவீங்க?

அடுத்தது 2008லேருந்து 2013 வரைக்குமான பெரிய மின்வெட்டு. சென்னையில இருந்தவங்களுக்கு இது ஒரு மணி நேரம், அப்புறம் 2012ல ரெண்டு மணி நேரம். எங்களுக்கு அப்படி இல்ல. 2012 ஐப்பசி, கார்த்திகையில ஒரு நாளைக்கு 12, 14, சில நாள் 16 மணி நேரம் கூட கரண்ட் கிடையாது. மாநிலத்துக்குத் தேவை சுமார் 12,000 மெகாவாட், கையில இருந்தது 8,000 பக்கம். காத்தாலை மட்டும் சுமார் 7,000 மெகாவாட் அளவுக்கு நட்டு வச்சிருந்தாங்க, ஆனா காத்து அடிக்கிறது வைகாசியிலேருந்து புரட்டாசி வரைக்கும்தான். காத்து நின்னதும் வெட்டு கூடும். மேட்டூர், வடசென்னை, வல்லூர்னு கட்ட ஆரம்பிச்ச நிலையங்கள் தாமதம். கூடங்குளம் முதல் உலை மின் தொகுப்புல சேர்ந்ததே 2013 அக்டோபர்ல. வெளி மாநிலத்துல கரண்ட் விலைக்கு இருந்தாலும் கொண்டு வரப் பாதை போதாது. தென்னாட்டு மின் தொகுப்பு வடக்கோட முழுசா இணைஞ்சது 2013 டிசம்பர் 31ஆம் தேதிதான். அந்த இணைப்பு இல்லாததால ஒரு நன்மையும் நடந்துச்சு. 2012 ஜூலை 30, 31ல வட இந்தியாவே இருண்டு, 60 கோடி பேர் கரண்ட் இல்லாம நின்னப்ப, எங்க ஊர்ல வழக்கமான வெட்டு மட்டும்தான். அரசு மாறுச்சு, கட்டு மாறல. வீட்டுக்கு வீடு இலவசமா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்துலதான். புது ஃபேன் அட்டைப் பெட்டியை வச்சு விசிறிக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

எல்லாரும் இன்வெர்ட்டருக்கு ஓடினாங்க. ஜெனரேட்டர் சத்தம், புகை, எண்ணெய்ச் செலவு. இன்வெர்ட்டர் வாயில்லாப் பூச்சின்னு நினைச்சாங்க. ஆனா கணக்கைப் பாருங்க. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில காகிதக் கணக்குக்கு 1,800 வாட்-மணி இருக்கு. முழுக்க வழிச்சு எடுத்தா பேட்டரி செத்துடும், இன்வெர்ட்டரும் கொஞ்சம் தின்னும், ஆக கைக்கு வர்றது ஆயிரத்துச் சொச்சம். ரெண்டு ஃபேன், ரெண்டு டியூப் லைட்டுன்னா 230, 250 வாட். நாலு மணி நேரம் ஓடும். சென்னையோட ரெண்டு மணி நேர வெட்டுக்கு இது தாராளம். எங்க பக்கம் அப்ப ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. காலி பேட்டரி நிரம்ப பத்து, பன்னெண்டு மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரத்துல ஏறுறது 150 வாட்-மணி, இறங்குறது 250. ரெண்டு நாள்ல பேட்டரி நொண்டிடும். அது மட்டுமா? கரண்ட் வந்த அடுத்த நிமிஷம் ஊர்ல இருக்கிற அத்தனை இன்வெர்ட்டரும், அத்தனை மோட்டாரும் ஒண்ணா இழுக்கும். வோல்டேஜ் 160க்கு இறங்கும். அந்த வோல்டேஜ்ல பேட்டரி ஏறவும் ஏறாது. இருட்டுக்குப் பயந்து வாங்கின மிஷினே இருட்டைக் கொஞ்சம் கூட்டிவிட்டுச்சு.

வயல்ல நடந்தது வேற கூத்து. மும்முனை கரண்ட் பகல்ல கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். மத்த நேரம் ரெண்டு முனைதான் இருக்கும். அதுல கண்டென்சர் மாட்டி மோட்டாரை ஓட்டுவாங்க. மோட்டார் காயில் எரியும், ரீவைண்டிங் கடைக்காரருக்குக் கொண்டாட்டம். அது தனியா எழுத வேண்டிய கதை.

இந்த மின்வெட்டு நடுவுலயே வந்தது தானே புயல். 2011 டிசம்பர் 30 விடியக்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. மணிக்கு 140 கிலோமீட்டர் பக்கம் காத்து. பண்ருட்டிப் பலா, முந்திரி எல்லாம் வேரோட சாய்ஞ்சுதுன்னு நீங்க படிச்சிருப்பீங்க. எங்க மாவட்டத்துல வானூர், மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்பு சீப்பு வச்சு வாரின மாதிரி ஒரே பக்கமா படுத்துக் கிடந்துச்சு. சிமெண்ட் கம்பம் நடு முதுகுல முறிஞ்சு, உள்ள இருக்கிற கம்பி மட்டும் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. மத்த மாவட்டங்கள்லேருந்து லைன்மேன்கள் லாரி லாரியா வந்தாங்க. அவங்க பட்ட பாட்டைக் கண்ணால பார்த்தவன் நான், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனாலும் பொங்கல் வரைக்கும் கரண்ட் வராத ஊர்கள் இருந்துச்சு. கொல்லை லைனுக்கு அதுக்கு மேலயும் ஆச்சு.

இந்த இருட்டு, மின்வெட்டு மாதிரி இல்ல. மின்வெட்டுல கரண்ட் போகும், வரும். புயல்ல போனது போனதுதான். இன்வெர்ட்டர் வச்சிருந்த வீடும் வைக்காத வீடும் முதல் நாள் ராத்திரியோட ஒண்ணாயிடுச்சு. விளக்குக்கு யாரும் பெருசா கவலைப்படல. சிம்னி விளக்கு, மெழுகுவத்தி, நிலா வெளிச்சம்னு சமாளிச்சாங்க. ரெண்டாம் நாள் காலையிலேயே தண்ணிப் பிரச்சினை வந்துச்சு. ஏரி ததும்பிக்கிட்டு இருக்கு, தெருவுல தண்ணி நிக்குது, குடிக்க ஒரு குடம் கிடையாது. கைப்பம்பு வேலை செஞ்ச தெருவுல ராத்திரி பகலா வரிசை. மூடி வச்ச பழைய கிணத்தைத் திறந்து பார்த்தா உள்ள குப்பை. பஞ்சாயத்துலேருந்து பெரிய ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடிச்சு, டிராக்டர்ல ஏத்தி, ஒவ்வொரு ஊர் மேல்நிலைத் தொட்டியா போய் ஏத்திவிட்டாங்க. அது நம்ம ஊருக்கு எப்ப வரும்னு பொம்பளைங்க குடத்தோட காத்திருந்தாங்க. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுற பந்தல் கடைக்காரங்க ஜெனரேட்டருக்கு அந்த மாசம் தங்கத்து விலை.

ரெண்டாவது, போன். சின்ன ஜெனரேட்டர் வச்சிருந்த கடையில பலகை நிறைய செல்போன், ஒவ்வொண்ணுலயும் பேர் எழுதின சீட்டு. ஒரு போனுக்குப் பத்து ரூபா, இருபது ரூபா. வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு "உசுரோட இருக்கோம்"னு சொல்ல அது கூட குடுக்க முடியாதான்னு குடுத்தாங்க. அந்த ஒரு குட்டி மிஷின், தெருவுல நாலு வீட்டுக்கு வயர் இழுத்து ஒரு வீட்டு மோட்டாரை ஓட்டியிருந்தா எவ்வளவு தண்ணி வந்திருக்கும்னு பல பேர் கேட்டாங்க. ஓட்டி இருக்க முடியாது. ஏன்னு கீழ சொல்றேன்.

பதிமூணு வருஷம் கழிச்சு ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்துல கரை ஏறி, நகராம அங்கேயே உட்கார்ந்துடுச்சு. தானே காத்துன்னா, ஃபெஞ்சல் தண்ணி. மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவுல ரயில் பாலத்துல தண்ணி அபாய அளவைத் தாண்டி, சென்னையிலேருந்து தெக்க போற ரயிலெல்லாம் நின்னுச்சு. தென்பெண்ணை பொங்கி அரசூர்ல திருச்சி ரோட்டையே மூடுச்சு. தானேவுக்கு அப்புறம் ஜெனரேட்டர் வாங்கி வச்ச வீடுகள் எங்க பக்கம் இருந்துச்சு. எங்க வச்சாங்க? மாட்டுக் கொட்டாய் மூலையில, மாடிப்படி அடியில, தரையில. ராத்திரி தண்ணி ஏறினப்ப முதல்ல முங்கினது அதுதான். கார்பரேட்டருக்குள்ள சேத்துத் தண்ணி போன ஜெனரேட்டரை வெயில்ல காய வச்சுட்டு கயிறு இழுத்தா ஓடாது. எண்ணெய் மாத்தி, பிரிச்சு, கழுவித்தான் ஆகணும். அந்த நேரத்துல மெக்கானிக் வீடே தண்ணியில.

இப்ப தம்பிங்க கேட்கிற கேள்விக்கு வர்றேன். எந்த இருட்டுக்கு வாங்குறீங்க? மாசாந்திர பராமரிப்பு, மழைக்கு ரெண்டு மணி நேரம், டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸ் போச்சுன்னா அரை நாள், இதுக்கெல்லாம் ஜெனரேட்டர் வேண்டாம். இன்வெர்ட்டர் போதும். 2012 மாதிரி இப்ப வெட்டு இல்ல, பேட்டரி நிரம்ப நேரம் கிடைக்குது. அம்மாவால கயிறு இழுக்கவும் முடியாது. கயிறு இழுக்க ஆள் இல்லாத வீட்டுல ஜெனரேட்டர் வச்சு என்ன பிரயோஜனம்னு வாங்குறவங்க யோசிக்கிறதே இல்ல. பட்டன் ஸ்டார்ட் இருக்குன்னு கடைக்காரர் சொல்வார். அதுக்கு ஒரு குட்டி பேட்டரி உண்டு, ஆறு மாசம் சும்மா கிடந்தா அதுவும் செத்திருக்கும்.

புயலுக்குன்னு வாங்குறதா இருந்தா, வேண்டியது தண்ணி. வீட்டுப் போர்ல இருக்கிற 1 குதிரைத்திறன் ஒற்றை முனை மோட்டார் ஓடும்போது ஆயிரத்து நூறு வாட் பக்கம் இழுக்கும். கிளம்புற அந்த ஒரு நொடி மூணு, நாலு மடங்கு கேட்கும். இதனாலதான் போன் சார்ஜ் போட்ட அந்தக் குட்டி மிஷினால மோட்டாரை அசைக்க முடியல. 1 கேவிஏ செட்டு நாலு பல்பு, ரெண்டு ஃபேன், டிவி, போனுக்கு மட்டும் ஆகும். அதுக்கு 300 வாட் கூட வராது, அதை ஒரு நல்ல இன்வெர்ட்டரே செய்யும். மோட்டாருக்கு 3 கேவிஏ பக்கம் வேணும். கடையில "3000"னு பெருசா எழுதியிருப்பாங்க. அது உச்சக் கணக்கா, தொடர்ந்து ஓட்டுற கணக்கா, வாட்டா, விஏவான்னு கேளுங்க. விஏவை 0.8ஆல பெருக்கினா சுமாரா வாட் வரும். உள்ள சுத்தியிருக்கிறது செம்புக் கம்பியா, அலுமினியமான்னும் கேளுங்க. விலை பாதியா இருந்தா காரணம் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். கழனியில இருக்கிற 5 குதிரைத்திறன் மும்முனை மோட்டாரை ஓட்டலாமான்னு கேட்கிறவங்களும் உண்டு. கையால தூக்குற எந்த ஜெனரேட்டரும் அதை ஓட்டாது, அதுக்கு டிராக்டரோட சேர்த்து ஓட்டுறதுதான் வழி.

பெட்ரோல் செலவு: 1 கேவிஏ பாதி லோடுல மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபான்னா ஒரு ராத்திரி பத்து மணி நேரத்துக்கு ஐந்நூறு. ஒரு வாரம் ஃபேன் ஓட்ட மூவாயிரத்து ஐந்நூறு. 3 கேவிஏவை ராத்திரி பூரா ஓட்டினா இதைவிடக் கூட ஆகும். ஆனா அதே 3 கேவிஏவை ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம் மட்டும் ஓட்டி மாடித் தொட்டியை நிரப்பி, அந்த முக்கால் மணி நேரத்துலயே ஃபிரிட்ஜ், போன், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாத்துக்கும் கொஞ்சம் ஏத்திக்கிட்டா ஒரு லிட்டருக்குள்ள முடிஞ்சுடும். மோட்டார் கிளம்பி நிதானமான பிறகு மத்ததை மாட்டணும். ஜெனரேட்டரை நாள் பூரா ஓட்டுற சாமானா நினைக்காம, பம்பு செட்டு மாதிரி நினைச்சா கட்டுப்படியாகும்.

ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம்தான் வேலைன்னா மீதி நேரம் அது சும்மாதானே கிடக்குது? நைஜீரியாவில கரண்ட் ரொம்ப மோசம். அங்க வீட்டுக்கு வீடு ஒரு குட்டி ஜெனரேட்டர் இருக்கும். அதுக்கு ஜனங்க வச்ச செல்லப் பேருக்கு 'பக்கத்து வீட்டுக்காரனை விட நான் ஒரு படி மேல'ன்னு அர்த்தம். எங்க பக்கம் ஆயில் இன்ஜினை மாட்டு வண்டியில ஏத்தி கிணறு கிணறா கொண்டு போன ஜனம் நாங்க. எங்க தெருவுல ஃபெஞ்சலுக்கு அப்புறம் ஆறு வீடு காசு போட்டு 3 கேவிஏ ஒண்ணு வாங்கியிருக்கோம். ஒரு வீட்டுப் பங்கு ஒரு நல்ல செல்போன் விலைக்குக் கம்மி.

உயிர் சம்பந்தப்பட்ட ரெண்டு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. ஜெனரேட்டர் வயரை நேரா வீட்டு பிளக்குல சொருகி, வீடு பூரா எரிய விடுற வழக்கம் இருக்கு. மெயினை இறக்க மறந்தா அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்பார்மருக்குப் பின்னோக்கிப் போகும். டிரான்ஸ்பார்மர் வந்த வழியா திரும்பினா 230 வோல்ட் பதினோராயிரம் வோல்ட்டுப் பக்கம் ஏறும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி கம்பத்துல ஏறுறவர் உங்க கரண்டுக்காகத்தான் ஏறுறார். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒண்ணு போட்டுட்டா ஒரு நேரத்துல ஏதாவது ஒரு பக்கம்தான் இணையும். ஜெனரேட்டர் காசுல அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அது போட வசதி இல்லன்னா, மோட்டாருக்கு மட்டும் தனி வயர் இழுங்க, வீட்டு லைனைத் தொடாதீங்க.

இன்னொண்ணு புகை. மழை பெய்யுதேன்னு ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துலயோ, கதவு சாத்தின அறையிலயோ வச்சு ஓட்டக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குறவங்க தூக்கத்துலயே போயிடுவாங்க. திறந்த வெளியில, ஜன்னலை விட்டுத் தள்ளி, மேல மட்டும் ஒரு தகரம்.

எங்க தெரு செட்டு இப்ப ஒரு மாடி வீட்டு மொட்டை மாடி ஷெட்டுல இருக்கு. ஏத்துறதும் இறக்குறதும் ரெண்டு ஆள் வேலை, ஆனா தண்ணி அவ்வளவு உயரம் வராது. டேங்குல பெட்ரோல் வச்சிருக்கிறதில்ல. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்க, அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா கிடந்தா கார்பரேட்டர்ல பிசின் மாதிரி பிடிச்சுக்கும். ஓட்டி முடிச்சதும் டேங்க்கை வடிச்சு, கார்பரேட்டர்ல இருக்கிறது தீர்ந்து அதுவா நிக்கிற வரைக்கும் ஓட விட்டுடுவோம். மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை அரை லிட்டர் ஊத்தி, ஆறு வீட்டுல ஒரு வீட்டு மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறோம். இந்த மாசம் எங்க வீட்டு முறை. மூணாவது இழுப்புல கிளம்பிடுச்சு.